பெருமிதம், மானம், திமிர்: தகடூரிலிருந்து அயன் ராண்டைப் படிப்பது

அயன் ராண்டைப் பற்றிச் சண்டை என்று வந்தால் அது பெரும்பாலும் சுயநலத்தைப் பற்றித்தான் இருக்கும். சுயநலம் ஒரு அறம் என்று புத்தகத் தலைப்பிலேயே போட்டவர், சண்டை வராமல் இருக்குமா? ஆனால் அவருடைய தத்துவத்தில் அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி. பெருமிதமும் ஒரு அறம் என்கிறார். பொறுத்துக்கொள்ள வேண்டிய பலவீனமாகவோ, வெற்றி பெற்றவனுக்குக் கொடுக்கும் சலுகையாகவோ அதை அவர் பார்க்கவில்லை. நேர்மையைப் போல, நீதியைப் போல, கடைப்பிடிக்க வேண்டிய ஒரு அறமாகவே வைக்கிறார்.

இந்தக் குறிப்பில் அந்த வாதத்தை முதலில் அதன் பலத்தோடு எடுத்து வைக்கிறேன். பிறகு அதைத் தருமபுரி மாவட்டத்தில் வைத்து உரசிப் பார்க்கிறேன். ஏன் தருமபுரி? இரண்டு காரணம். பழைய தகடூர் இதுதான். அதியமான் நெடுமான் அஞ்சியின் வாசலில் நின்று புலவர்கள் பாடிய பாடல்களில், தன் மதிப்பை ஒரு மனிதர் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதைப் பற்றிய கூர்மையான யோசனைகள் இருக்கின்றன. இன்னொரு காரணம் 2012. அதற்குப் பிறகு வருகிறேன்.

1. ராண்ட் சொல்வது என்ன?

ராண்ட் 1905-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து, 1926-இல் அமெரிக்கா போனவர். 'தி ஃபவுன்டன்ஹெட்' 1943, 'அட்லஸ் ஷ்ரக்ட்' 1957. இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல்களில் அட்டை கிழிந்து கை மாறிக்கொண்டே இருக்கும் புத்தகங்கள். படித்துவிட்டு ஆறு மாதம் யாருடனும் ஒத்துப்போகாமல் திரியும் பையன்களை எல்லா பேட்ச்சிலும் பார்க்கலாம். நாவல்களை விட்டுவிட்டு வாதத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால், 1961-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அவர் வாசித்த உரைதான் சரியான இடம். 1964-இல் வந்த 'தி வர்ச்சூ ஆஃப் செல்ஃபிஷ்னெஸ்' தொகுப்பின் முதல் கட்டுரை அது.

அதில் மூன்று அடிப்படை மதிப்புகளைச் சொல்கிறார்: பகுத்தறிவு, நோக்கம், தன்மதிப்பு. இவற்றை அடையும் வழியாக மூன்று அறங்கள்: பகுத்தறிவோடு நடப்பது, ஆக்கமாக உழைப்பது, பெருமிதம். கவனிங்க, தன்மதிப்பு என்பது அடைய வேண்டிய பொருள். பெருமிதம் அதை அடைவதற்கான உழைப்பு. அதாவது அவர் பெருமிதம் என்று சொல்வது நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளும் அந்த உணர்ச்சியை இல்லை. தன் குணத்தைத் தானே செதுக்குவதில் விடாப்பிடியாக இருக்கும் லட்சியத்தை. ஒருவன் தன் தொழிலில் எப்படி இரண்டாம் தரத்தை ஏற்றுக்கொள்ள மாட்டானோ, அப்படித் தன் குணத்திலும் ஏற்றுக்கொள்ளாமல் இருப்பது.

இதிலிருந்து சில நடைமுறை விதிகள் வருகின்றன. செய்யாத குற்றத்துக்காகக் குற்றவுணர்ச்சியைச் சுமக்காதே. செய்த குற்றம் என்றால் திருத்தாமல் விடாதே. உன்னைப் பலி கொடுப்பதுதான் அறம் என்று யார் சொன்னாலும் அந்த வேடத்தை ஏற்காதே. எல்லாவற்றுக்கும் மேல், உழைத்துச் சம்பாதிக்காத மதிப்பை உனக்கு நீயே கொடுத்துக்கொள்ளாதே.

இந்தக் கடைசி விதி முக்கியம். பீத்திக்கொள்கிறவன், மற்றவனை மட்டம் தட்டித் தன்னை உயர்த்திக்கொள்கிறவன் எல்லாம் ராண்டின் கணக்கில் பெருமிதம் உள்ளவர்களே இல்லை. அது இல்லாததால்தான் அப்படி நடக்கிறார்கள்.

இது முழுக்கப் புதிய யோசனையும் இல்லை. அரிஸ்டாட்டில் நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் நான்காம் புத்தகத்தில் பெரிய உள்ளம் படைத்தவனைப் பற்றி எழுதுகிறார். பெரிய மதிப்புக்கு உரியவன், அது தனக்கு உரியது என்று அறிந்தவன். தகுதி இல்லாமல் நினைப்பவன் வீண் பெருமைக்காரன்; தகுதி இருந்தும் குறைத்து நினைப்பவன் சிறிய உள்ளம் கொண்டவன். இரண்டுமே குறைதான். பிறகு வந்த கிறிஸ்தவ மரபு இதைத் திருப்பிப் போட்டது. பெருமை எல்லாப் பாவங்களுக்கும் வேராக ஆனது. ராண்ட் செய்தது, அந்த நூற்றாண்டுகளைத் தாண்டி அரிஸ்டாட்டிலிடம் திரும்பிப் போனது. அவர் தனக்கு முன்னோடியாக ஒப்புக்கொண்டதும் அவரை மட்டும்தான்.

2. தமிழில் இதற்கு எந்தச் சொல்?

ப்ரைட் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஒரு படையே இருக்கிறது. பெருமை, பெருமிதம், மானம், செருக்கு, தருக்கு, இறுமாப்பு, ஆணவம். பேச்சுக்கு வந்தால் தலைக்கனம், திமிர், கொழுப்பு. எதைப் பாராட்டாகச் சொல்கிறோம், எதைத் திட்டாகச் சொல்கிறோம் என்பதில் நமக்குக் குழப்பமே வருவதில்லை. ஆங்கிலத்தில் ராண்ட் பக்கம் பக்கமாக எழுதிப் பிரிக்க வேண்டியிருந்ததைத் தமிழ் சொல்லிலேயே பிரித்து வைத்திருக்கிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். எட்டு மெய்ப்பாடுகளில் பெருமிதமும் ஒன்று. அது நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது: கல்வி, தறுகண், இசைமை, கொடை. படிப்பு, அஞ்சாமை, புகழ், கொடுப்பது. நான்கும் ஒருவர் தானே தேடிக்கொள்ள வேண்டியவை. குலம் அந்தப் பட்டியலில் இல்லை. நிலமும் இல்லை, முப்பாட்டன் என்ன செய்தார் என்பதும் இல்லை.

அப்போ குடி எங்கே வருகிறது? அதே இயலில், வெகுளியின் நான்கு காரணங்களுக்குள் வருகிறது. உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. குடும்பத்துக்கும் சுற்றத்துக்கும் கேடு சூழ்வது என்ற வகையில் குடிகோளுக்கு உரை சொல்வார்கள். அதாவது, நம்ம ஆளுங்க மேல கை வைத்துவிட்டான் என்னும்போது எழும் உணர்ச்சிக்குத் தொல்காப்பியம் கொடுக்கும் பெயர் கோபம். பெருமிதம் இல்லை. அது ஒரு அகராதி வேலை மாதிரித்தான் தெரியும். ஆனால் இந்த ஒரு வேறுபாட்டை நாம் மறந்துபோனதன் விலை பெரியது.

ஒன்றை மறைக்கக் கூடாது: தமிழ் மரபு முழுக்க ஒரே குரலில் பேசவில்லை. திருக்குறளில் குடிமை (96), மானம் (97), பெருமை (98) என்று மூன்று அதிகாரங்கள் வரிசையாக வருகின்றன. குடிமை நல்ல குடியில் பிறந்தவர்களின் இயல்பைப் புகழ்கிறது. இரண்டு அதிகாரம் தள்ளி, பெருமை அதிகாரத்தில்தான், பிறப்பில் எல்லா உயிரும் ஒன்று, செய்யும் தொழிலால்தான் சிறப்பு மாறுகிறது என்ற பொருளில் அந்தப் புகழ்பெற்ற 972-ஆம் குறள் இருக்கிறது. அதே அதிகாரத்தின் 979-ஆம் குறளில் பெருமிதம் என்ற சொல்லே கெட்ட பொருளில் வருகிறது: பெருமை உள்ள இடத்தில் அது இருக்காது, சிறுமை உள்ள இடத்தில்தான் அது ஏறி நிற்கும் என்பது கருத்து. தொல்காப்பியம் பாராட்டாகச் சொன்ன சொல்லை வள்ளுவர் எச்சரிக்கையாகச் சொல்கிறார். ராண்டும் அவருடைய எதிரிகளும் போடும் சண்டை இங்கே இரண்டு நூல்களுக்கு நடுவிலேயே இருக்கிறது.

3. தகடூர் வாசலில் இரண்டு புலவர்கள்

அதியமான் என்றதும் எல்லோருக்கும் நெல்லிக்கனி நினைவுக்கு வரும் (புறநானூறு 91). என் விஷயத்துக்கு அதைவிட உதவுவது 206, 208 ஆகிய இரண்டு பாடல்கள். இரண்டும் அதியமானைப் பற்றியவை. இரண்டுமே அவனைக் குறை சொல்பவை.

206 ஔவையார் பாடியது. பரிசில் தராமல் அதியமான் காலம் தாழ்த்துகிறான். ஔவையார் வாயில்காவலனிடம் பேசுகிறார். உங்க அரசனுக்குத் தன்னைத் தெரியாதா, இல்லை என்னைத் தெரியாதா என்று கேட்கிறார். அறிவும் புகழும் உள்ளவர்கள் உலகத்தில் தீர்ந்துபோகவில்லை. யாழை எடுத்தாச்சு, மூட்டையைக் கட்டியாச்சு. மரவேலை தெரிந்தவனின் பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் போனால் அந்தக் காடு அவர்களுக்கு எப்படிப் பயன்படுமோ, அப்படித்தான் எங்களுக்கு இந்த உலகம். எந்தப் பக்கம் போனாலும் சோறு கிடைக்கும் என்று முடிக்கிறார்.

ராண்ட் இதைப் படித்திருந்தால் துள்ளியிருப்பார் என்று நினைக்கிறேன். ஔவை தன் மதிப்புக்கு ஆதாரமாகக் காட்டுவது ஒன்றே ஒன்றைத்தான்: தன் கைத்தொழில். உதாரணத்துக்கு அவர் எடுப்பது தச்சனை. ஒரு அரசனின் வாசலில் நின்றுகொண்டு, கையில் வித்தை இருப்பவனுக்கு ஒரே முதலாளி கிடையாது என்கிறார். வேலையை விடும்போது மேனேஜருக்கு அனுப்ப நினைத்து, டிராஃப்டிலேயே கிடக்கும் மெயில்களின் தாய் இந்தப் பாட்டு.

208 பெருஞ்சித்திரனார் பாடியது. இவர் வறுமையில் இருந்தவர். அவருடைய மற்ற பாடல்களில் வீட்டுப் பசி அப்படியே தெரியும். மலைகளைத் தாண்டி அதியமானைப் பார்க்க வருகிறார். அவன் நேரில் பார்க்காமல், பரிசிலை மட்டும் கொடுத்து அனுப்புகிறான். இவர் வாங்க மறுக்கிறார். என்னைப் பார்க்காமல் கொடுக்கிற இந்தப் பொருளை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரத்துக்கு வந்த பரிசிலன் இல்லை என்கிறார். என் தகுதியின் அளவை அறிந்து கொடுத்தால், தினை அளவாக இருந்தாலும் இனிது என்கிறார்.

இங்கேதான் ராண்டுக்கு முதல் சிக்கல். அவருடைய அறவியலில் வியாபாரிதான் மதிப்பின் சின்னம். இரண்டு மனிதர்கள் ஒருவரை ஒருவர் மதிக்கிறார்கள் என்பதற்குச் சிறந்த அடையாளம், மதிப்புக்கு மதிப்பு கொடுத்து வாங்கிக்கொள்வது. அந்தக் கணக்குப்படி பெருஞ்சித்திரனாருக்கு எந்தக் குறையும் இல்லை. வித்தை இருக்கிறது, விலை வந்துவிட்டது, வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? அவருக்குப் பணத் தேவையும் இருக்கிறது. ஆனாலும் மறுக்கிறார். ஏனென்றால் சரக்குக்கு விலை வந்தது, ஆளைப் பார்க்கவில்லை. ஔவையின் பெருமிதம் வித்தையில் நிற்கிறது. பெருஞ்சித்திரனாரின் பெருமிதம், அந்த வித்தையை அறிந்த ஒரு கண்ணைக் கேட்கிறது.

ராண்டின் கதாநாயகன் ஹோவர்ட் ரோர்க்குக்கு யாருடைய கண்ணும் தேவையில்லை என்பதுதான் அந்த நாவலின் கவர்ச்சி. ஆனால் நாவலைப் பொறுமையாகத் திரும்பப் படித்துப் பாருங்கள். ரோர்க்குக்கு ஹென்றி கேமரன் என்ற குரு இருக்கிறார், ஆஸ்டன் ஹெல்லர் வருகிறார், மைக் என்ற எலக்ட்ரீஷியன் அவன் வேலையை முதல் பார்வையிலேயே அடையாளம் காண்கிறான். 'அட்லஸ் ஷ்ரக்ட்'டில் திறமைசாலிகள் ஒரு பள்ளத்தாக்கில் ஒன்றுசேர்ந்து வாழ்கிறார்கள். ஒருவர் வேலையை இன்னொருவர் கொண்டாடுகிறார்கள். கோட்பாட்டில் தேவையில்லை என்று சொன்ன கண்ணை, கதையில் பக்கத்துக்குப் பக்கம் கொண்டுவந்து வைக்கிறார் ராண்ட். நாவலாசிரியராக அவருக்குத் தெரிந்தது, தத்துவவாதியாக அவர் எழுதியதில் வரவில்லை.

4. 2012

தருமபுரிக்கு வருவோம். 2012 நவம்பர் 7. நாயக்கன்கொட்டாய் பகுதியில் சாதி மாறிய ஒரு திருமணத்தை ஒட்டி, பெண்ணின் தந்தை தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அன்றே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. 200-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன அல்லது நொறுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூலை மாதம் அந்த இளைஞரின் உடல் தருமபுரியில் ரயில் பாதையோரம் கிடந்தது. பெயர்கள் எல்லோருக்கும் தெரியும், இங்கே தேவையில்லை. இறந்துபோன தந்தையின் மனதில் என்ன ஓடியது என்று எழுதும் உரிமையும் எனக்கு இல்லை. நான் கேட்பது அன்றைக்கும் பிறகும் சர்வசாதாரணமாகப் புழங்கிய ஒரு சொல்லைப் பற்றி: மானம் போச்சு.

யாருடைய மானம், எதில் இருந்தது, எப்படிப் போனது?

ராண்டின் கோட்பாடு இந்த இடத்தில் கத்தி மாதிரி வேலை செய்கிறது. 1963-இல் இனவெறி பற்றி அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: இனவெறி என்பது கூட்டுவாதத்தின் மிகக் கீழான வடிவம். ஒரு மனிதனை அவன் அறிவாலும் செயலாலும் எடைபோடாமல் ரத்தத்தால் எடைபோடுவது. இனவெறியன் தேடுவது, உழைக்காமல் தானாகவே கிடைக்கும் தன்மதிப்பு. இனம் என்று வரும் இடத்தில் சாதி என்று போட்டால் ஒரு வார்த்தை மாற்ற வேண்டியதில்லை. உன் தாத்தா செய்தது உன் சாதனை இல்லை. உன் சாதிக்காரன் கலெக்டர் ஆனது உன் சாதனை இல்லை. அதேபோல, வயது வந்த உன் மகள் யாரைக் கட்டிக்கொண்டாள் என்பது உன் சாதனையும் இல்லை, உன் தோல்வியும் இல்லை. செய்யாத குற்றத்துக்குக் குற்றவுணர்ச்சியைச் சுமக்காதே என்ற விதியை ஊர் அந்தத் தந்தைக்குச் சொல்லியிருந்தால்? அவர் தலை குனிய ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல ஒரு மொழி ஊரில் இருந்திருந்தால்?

பழைய மானக் கதைகளோடு ஒப்பிட்டாலே இது தெரியும். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் விட்டான். நான் அதைப் பின்பற்ற வேண்டிய செயலாகச் சொல்லவில்லை. ஒரு நல்ல உயிர் வீணாகப் போனது. ஆனால் குறைந்தபட்சம் அது அவன் போட்ட போர், அவன் உடம்பில் பட்ட புண். இன்றைய மானம் இன்னொருவர் வாழ்க்கையில், அதுவும் பெரும்பாலும் ஒரு பெண்ணின் வாழ்க்கையில், வைக்கப்பட்டிருக்கிறது. தன்னிடம் இல்லாத ஒன்றைக் காப்பாற்ற ஒரே வழி, அடுத்தவரைப் பூட்டி வைப்பதுதான்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. எரிந்த வீடுகளில் பல, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்க் கூலி வேலை பார்த்து, வருடக்கணக்கில் சேர்த்த காசில் கட்டியவை. டிவி, பீரோ, பைக், பிள்ளைகளின் சர்டிஃபிகேட். ராண்டின் அளவுகோலை எடுத்தால், அந்த ஊரில் அன்று அசல் பெருமிதத்துக்கு உரியவையாக இருந்தவை அந்த வீடுகள்தான். உழைத்துப் பெற்ற பெருமிதத்தைப் பிறப்பால் வந்த பெருமை எரித்தது. கூலிக்காரன் கான்கிரீட் வீடு கட்டியதே சிலருக்கு உறுத்தியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மாலை புரியும்.

தமிழ் மொழி இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. ஆங்கிலத்தைப் பார்த்து முதலில் கௌரவக் கொலை என்று எழுதிக்கொண்டிருந்த நாம், பிறகு ஆணவக் கொலை என்று மாற்றிக்கொண்டோம். இதில் கௌரவம் எதுவும் இல்லை என்று உச்ச நீதிமன்றமும் 2011-இல், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான், சொன்னது. ஆங்கிலப் பத்திரிகைகள் இன்னும் ஹானர் என்றே எழுதிக்கொண்டிருக்கின்றன.

5. ராண்ட் போதாத இடம்

இத்தனை சொன்ன பிறகு, ராண்டின் பெருமிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? முடியாது என்றுதான் நினைக்கிறேன். கண் வேண்டும் என்ற குறையை மேலே சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு.

முதலாவது, தரை. ராண்டிடம் தன்மதிப்பு முழுக்க முழுக்கச் சம்பாதிக்க வேண்டியது. அப்படியானால் சம்பாதிக்கும் வாய்ப்பே மறுக்கப்பட்டவருக்கு? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி. பள்ளிக்கூடமே போகாத, ஆயுசு முழுக்கக் களை எடுத்த ஒரு பாட்டியிடம் போய், நீ என்ன சாதித்தாய், அதற்குத் தக்கபடி உன்னை மதித்துக்கொள் என்று சொல்ல முடியுமா? டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர் வைத்தால் அவர் கோபப்பட, முதலில் எதையாவது சாதித்துக் காட்ட வேண்டுமா?

ராண்ட் ரசிகர்கள் உடனே சொல்வார்கள்: உரிமைகள் எல்லா மனிதர்களுக்கும் உண்டு என்று அவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார், குழப்பாதீர்கள். சரி, சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் உரிமை என்பது என்னை அடிக்காதே, என் பொருளை எடுக்காதே என்பது. தனி டம்ளர் யாரையும் அடிக்கவில்லை, எதையும் பறிக்கவில்லை. தனியார் கடைக்காரர் யாருக்கு எப்படி வியாபாரம் செய்வது என்பது அவர் இஷ்டம், அது கேவலமான செயலாக இருந்தாலும் சட்டம் தலையிடக் கூடாது என்பதே அதே 1963 கட்டுரையில் அவர் எடுத்த நிலை. கறுப்பர்களுக்குக் கடைகளைத் திறந்துவிடும் சட்டப் பிரிவை அவர் எதிர்த்தார். உரிமைக்கும் சாதனைக்கும் நடுவே இருக்கும் ஒன்று, மனிதராகப் பிறந்ததாலேயே வரும் மதிப்பு, அவர் கட்டிடத்தில் இல்லாத தளம்.

ஸ்டீஃபன் டார்வால் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1977-இல் இதை அழகாகப் பிரித்தார். ஒருவரை மனிதர் என்பதற்காக மதிப்பது ஒன்று. அவர் திறமையையும் குணத்தையும் எடைபோட்டு மதிப்பது வேறு. முதலாவதில் ஏற்ற இறக்கம் கிடையாது. ராண்டிடம் இரண்டாவது மட்டும் இருக்கிறது. நம் ஊரில் அரை நூற்றாண்டுக்கு முன்பே சுயமரியாதை என்ற சொல் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் போடும் சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொன்னது. உழைக்காமல் வந்த பெருமையைப் பெயரிலிருந்து வெட்டுவது. இது ராண்டுக்குப் பிடித்திருக்கும். ஆனால் அதே இயக்கம், சாதனைப் பட்டியல் எதையும் கேட்காமல், எல்லோருக்கும் சம மதிப்பைக் கோரியது. இது ராண்டிடம் இல்லாதது. வெளிநாட்டு ஹெச்.ஆர். படிவத்தில் லாஸ்ட் நேம் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு, விமானச் சீட்டிலிருந்து பேங்க் கணக்கு வரை குழப்பத்தோடு வாழும் லட்சக்கணக்கான தமிழர்களில் நானும் ஒருவன். அந்தக் குழப்பம் எனக்குச் சந்தோஷமான குழப்பம்.

இரண்டாவது குறை, கடன். நானே என்னை உருவாக்கினேன் என்ற கதை. எங்கள் தொழிலில் இது ரொம்பப் புழக்கம். ஆனால் எழுதும் ஒவ்வொரு நிரலும் யாரோ முகம் தெரியாத ஒருவர் இலவசமாகக் கொடுத்த நூறு நூலகங்களின் மேல் ஏறி நிற்கிறது என்பது, டிபென்டன்சி பட்டியலைத் திறந்து பார்த்த எல்லோருக்கும் தெரியும். அரசுப் பள்ளி, சத்துணவு, குறைந்த ஃபீஸ், வீட்டு வேலை முழுவதையும் தலையில் போட்டுக்கொண்ட அம்மா, அக்கா. இதை ஒப்புக்கொள்வதால் பெருமிதம் குறைவதில்லை. நான் எழுதிய வரி நான் எழுதியதுதான். ஒப்புக்கொள்ளாதபோதுதான் அது மெள்ள மெள்ள வேறொன்றாக மாறுகிறது. ஏறி வந்தவன், ஏற முடியாதவனைப் பார்த்து சோம்பேறி என்கிறான். கடனை மறந்த பெருமிதம், சாதிப் பெருமையின் தூரத்துச் சொந்தம். இரண்டுமே தனக்கு வந்ததை, தன் தகுதியால் வந்தது என்று நினைத்துக்கொள்கின்றன.

ராண்டே இதில் வழுக்கினார். 1974-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் கேள்வி நேரத்தில், அமெரிக்கப் பழங்குடிகளுக்கு அந்த நிலத்தின் மேல் உரிமை இல்லை, நாகரிகத்தைக் கொண்டுவந்தவர்களுக்கு அதை எடுத்துக்கொள்ளும் உரிமை இருந்தது என்ற பொருளில் பதில் சொன்னார். தனி மனிதரைத் தவிர வேறு எதையும் எடைபோடக் கூடாது என்றவர், ஒரு கண்டத்தின் மக்களை மொத்தமாக எடைபோட்டார். தரை இல்லாத கோட்பாடு எங்கே போய் நிற்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

6. நடுகல் என்ற கமிட் மெசேஜ்

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகள் நடுகற்களுக்குப் பெயர் போனவை. இரா. நாகசாமி காலத்தில் தொல்லியல் துறை செங்கம் நடுகற்களை 1972-இல் நூலாக்கியது. தருமபுரிக் கல்வெட்டுகளும் தொடர்ந்து வந்தன. அந்தக் கல்வெட்டுகளின் அமைப்பு எனக்குப் பிடிக்கும். இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டு, இன்ன ஊரில் மாடு கவர்ந்தபோது, இன்னாருடைய ஆளான இன்னார், மீட்டுப் பட்டார். அவ்வளவுதான். யார், எப்போது, என்ன செய்தார். ஒரு நல்ல கமிட் மெசேஜ் மாதிரி, பெயரடை குறைவு. எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில், கள்ளரோடு போராடிய கோவிவன் என்ற நாயும் பெயரோடு இருக்கிறது. நாய்க்குக் குலம் கேட்காமல், செய்ததைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கல்லில் மூன்று விஷயமும் இருக்கின்றன. செயல் அவனுடையது, அதை வேறு யாரும் செய்யவில்லை. ஆனால் கல்லை அவன் நட முடியாது. பார்த்த கண்கள்தான் நட வேண்டும். அவன் செத்ததும் தன் பெயருக்காக இல்லை; ஊர் மாட்டுக்காக. ராண்ட் கடைசியதைப் பலி என்று சொல்லிவிடுவார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர் மாடு அவன் மாடும்தான்.

இன்றைக்கு நடுகல்லைப் பார்த்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, இது யாரு ஆளு என்பது. அதியமானையும் அப்படித்தான் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறோம். கல்லில் எழுதியிருப்பது வேறு கேள்விக்கான பதில். ராண்டிடம் நான் எடுத்துக்கொள்வது அந்தக் கேள்வியை மட்டும்: நீ என்ன செய்தாய்? அதைச் சாதிப் பெருமை பேசுகிறவரிடமும் கேட்கலாம், தன்னால் உயர்ந்தேன் என்று பேசுகிற எங்கள் ஆட்களிடமும் கேட்கலாம். ஆனால் தனி டம்ளர் வைக்கப்பட்ட பாட்டியிடம் அதைக் கேட்கக் கூடாது. அவர் மதிப்பு அந்தக் கேள்விக்கு முன்னாலேயே முடிவானது.